பாவசங்கீர்த்தனம்: நம் பங்குகளில் இந்தச் சேவை எப்படி நடக்கிறது?

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்த கையோடு ஆலயத்தின் இரண்டு ஓரங்களிலும் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, மக்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து ஆலயங்களின் பங்குகளிலிருந்து மூன்று குருக்கள் வந்திருப்பார்கள்; பங்குத்தந்தையோடு சேர்த்து நால்வர். வந்திருப்பவர்கள் 200 பேர், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குருவுக்கு 50 பேர். 5,400 விநாடியை 50 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 108 விநாடி. வந்து முழந்தாளிடுவது, சிலுவை அடையாளம் போடுவது, குரு மன்னிப்பு வாக்கியம் சொல்வது, எழுந்து போவது ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 40 விநாடி போய்விடும். மிஞ்சுகிற ஒரு நிமிடச் சொச்சத்தில் ஓர் ஆண்டின் தவறுகளைச் சொல்ல வேண்டும், குரு கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், ஒரு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும், அபராதம் (பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டிய செபமோ செயலோ) கொடுக்க வேண்டும்.

கடவுளின் மன்னிப்புக்கு யாரும் மதிப்பெண் போட முடியாது. 108 விநாடியிலும் அது முழு மன்னிப்புதான். இங்கே நாங்கள் பார்ப்பது மனிதர் கையில் இருக்கிற பகுதியை: நேரம், இடம், தயாரிப்பு, குரு கேட்கிற கேள்வி, கொடுக்கிற அபராதம், வெளியே வந்தபின் நடப்பது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்த தவற்றை 'நான்தான் செய்தேன்' என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு மனிதரைப் பழக்குவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு நமக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் இரண்டாம் பாதி, அதாவது இழப்பை ஈடுசெய்வது, பெரும்பாலும் ஆலய வாசலிலேயே நின்றுவிடுகிறது. இது இந்த அருட்சாதனத்தின், அதாவது திருச்சபையின் இந்தப் புனிதச் சடங்கின் குறை அல்ல. நாம் அதைப் பாதியில் நிறுத்துவதால் வரும் குறை.

இன்று புழக்கத்தில் இருக்கும் சடங்குமுறை 1973 டிசம்பரில் வெளியானது. அதில் மூன்று முறைகள் உண்டு. தனி ஒருவர் குருவிடம் தனியாகச் செய்வது முதல் முறை. எல்லோரும் சேர்ந்து இறைவார்த்தை கேட்டு, ஆன்ம சோதனை செய்து (தன் தவறுகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்து), பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பாவங்களைச் சொல்வது இரண்டாவது. நம் தவக்கால ஒப்புரவு வழிபாடு இதுதான். தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மன்னிப்பு வழங்குவது மூன்றாவது. இந்த மூன்றாவது முறை மரண ஆபத்துக்கும் மிகக் கடுமையான தேவைக்கும் மட்டுமே உரியது. அந்தத் தேவை இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் மறைமாவட்ட ஆயர் (பிஷப்). கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், வத்திக்கான் இதற்கு வழி திறந்து ஒரு குறிப்பு வெளியிட்டது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சாவான பாவம், அதாவது கடவுளோடு உள்ள உறவையே முறிக்கும் கடுமையான பாவம் உள்ளவர் பொது மன்னிப்பு பெற்றாலும், பிறகு அந்தப் பாவத்தைத் தனியாகச் சொல்லும் எண்ணத்தோடுதான் அதைப் பெற வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 962ஆம் பிரிவு. 'அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு' என்று விட்டுவிடுவதற்கில்லை.

இரண்டாவது முறையின் பலம், ஊரே சேர்ந்து மண்டியிடுவது. தனியே வர வெட்கப்படுகிறவர் கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிடுவார். நல்ல வாசகம், நிதானமாகப் படிக்கப்படும் ஆன்ம சோதனைக் கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் அரை நிமிட மௌனம் ஆகிய மூன்றும் இருந்தால் இது அருமையான வழிபாடு. மௌனத்தை விட்டுவிட்டுக் கேள்விகளை மளமளவென்று வாசித்தால் ஒன்றும் மனதில் தங்காது. அவசரப்படுகிற பங்குகளில் முதலில் பலியாவது இந்த மௌனம்தான். சிறு பாவங்களுக்கும், வழக்கமாகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களுக்கும் இந்த முறை போதும்.

மற்றவர்கள் முதல் முறையைக் கேட்டு வாங்குங்கள். யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால், யார் பெயரையாவது கெடுத்திருந்தால், வீட்டில் கை நீட்டுகிற பழக்கம் இருந்தால், கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஐந்து வருடம், பத்து வருடம் ஆகியிருந்தால், தவக்கால வரிசை உங்களுக்கான இடம் இல்லை. வாரநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் 'சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும், கொஞ்சம் நேரம் எடுக்கும், எப்ப வரலாம்?' என்று கேட்டால் போதும். 15 முதல் 20 நிமிடம் தாராளம். இது சலுகை அல்ல. நியாயமாகக் கேட்கிறவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்பதும், அவர்களுக்கு வசதியான நாளும் நேரமும் ஒதுக்குவதும் பங்குத்தந்தையின் கடமை என்கிறது 986ஆம் பிரிவு. சொந்தப் பங்குச் சாமியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு எந்தக் குருவிடமும் போகலாம். 991ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. இதற்குக் காணிக்கை, கட்டணம் எதுவும் கிடையாது.

இடம் பற்றிச் சுருக்கமாக. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு (குரு உள்ளே அமர்ந்து பாவங்களைக் கேட்கும் கூண்டுக்கு) இன்றைய வடிவம் கிடைத்ததில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயோவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆலயக் கட்டுமானம் பற்றி 1577இல் அவர் வெளியிட்ட விதிகளில் அதற்கான அளவுகள் இருக்கின்றன. குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் நடுவே நிலையான கம்பித் தட்டி இருக்க வேண்டும், தொட்டி திறந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றும் சட்டம். நம் பழைய ஆலயங்களில் நல்ல தேக்குத் தொட்டிகள் தூசி படிந்து மூலையில் கிடக்க, பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாவசங்கீர்த்தனம் நடப்பது வருத்தமான காட்சி. நாற்காலியில் முகம் பார்த்துப் பேச விரும்புகிறவர் பேசட்டும். ஆனால் முகம் காட்ட விரும்பாதவருக்குத் தட்டி வேண்டும். வரிசையில் முதல் ஆள் குறைந்தது பத்தடி தள்ளி நிற்க வேண்டும். கோவில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) தரையில் ஒரு கோடு போட்டாலே இது நடந்துவிடும். தலைக்கு மேலே சத்தம் போடுகிற மின்விசிறி இருந்தால் காது மங்கிய பெரியவர்கள் கத்த வேண்டிவரும். விசிறியை நிறுத்துங்கள், இல்லையேல் அவர்களைச் சக்ரீஸ்துக்குள் (பீடத்தை ஒட்டிய திருவுடை அறைக்குள்) அழைத்துப் போங்கள்.

இனி மையமான விஷயம்: எப்படிச் சொல்வது.

நம் பழைய ஞானோபதேசம் (மறைக்கல்வி நூல்) நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் சொல்லிக்கொடுத்தது. ஆன்ம சோதனை, மனஸ்தாபம் (செய்ததற்காக மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தைக் குருவிடம் வெளிப்படுத்துவது, அபராதம் தீர்ப்பது. இந்த நான்காவதில்தான் மொழி நம்மைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் தவற்றை யார்மேலும் ஏற்றாமல் சொல்ல எத்தனையோ வசதி இருக்கிறது. 'உடைத்தேன்' என்பதற்குப் பதில் 'உடைந்துவிட்டது'. 'செலவழித்தேன்' என்பதற்குப் பதில் 'செலவாயிடுச்சு'. 'கத்தினேன், அடித்தேன்' என்பதற்குப் பதில் 'கோபம் வந்துடுச்சு, சண்டையாயிடுச்சு'. எல்லாம் தானாக நடந்த மாதிரி. மக்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன் தன் தம்பி மோசேயிடம் பேசியதும் இதே இலக்கணத்தில்தான். பொன்னை வாங்கி, உருக்கி, உளியால் உருவம் கொடுத்தவர் அவர் என்று விடுதலைப் பயணம் 32ஆம் அதிகாரம் தொடக்கத்தில் சொல்கிறது. அதே அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் அவர் சொல்வது: பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது. ஆதாமும் 'உண்டேன்' என்று சொல்லத்தான் செய்தான். ஆனால் அந்தப் பெண்ணையும், அவளைத் தந்த கடவுளையும் முன்னால் நிறுத்திவிட்டுக் கடைசியில் சொன்னான். தாவீது அரசர் இறைவாக்கினர் நாத்தானிடம் சொன்னதில் இந்தச் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை: ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்துவிட்டேன். ஊதாரி மகன் தகப்பனிடம் சொன்னதும் அதுவே.

அதனால் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகும்போது செய்ய வேண்டிய எளிய சோதனை இது: ஒவ்வொரு வாக்கியமும் 'செய்தேன்' என்பதில் வரும் '-ஏன்' விகுதியில் முடிகிறதா? பொய் சொன்னேன், எடுத்தேன், ஏமாற்றினேன், தடுக்காமல் இருந்தேன். அப்படி முடியாத வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். மாமியார் பேசியது, மருமகள் எதிர்த்தது, முதலாளி கொடுமைப்படுத்தியது ஆகியவை அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்துக்கு உரியவை. பின்னணியாக ஒரு வரி போதும். கூட்டுச் சேர்ந்து செய்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது; குருவும் அதைக் கேட்கக் கூடாது என்கிறது 979ஆம் பிரிவு.

அடுத்தது, வகையும் எண்ணிக்கையும். சாவான பாவங்களை இன்ன பாவம், இத்தனை முறை என்று சொல்ல வேண்டும் என்பது 988ஆம் பிரிவு. 'சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செய்தேன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நிறுத்துவதை 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் வெளியிட்ட ஆணை வெளிப்படையாகக் கண்டித்தது. கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கும் வாராவாரம் ஓட்டுகிறவருக்கும் சொல்ல வேண்டிய புத்தி வேறு. சரியான எண் நினைவில்லை என்றால் 'மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒரு வருசமா' என்று சொன்னால் போதும். அந்தரங்கமான விவரங்களை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல குரு இந்த இடத்தில் என்ன செய்வார் என்பதற்குக் கற்பனையாக ஒரு மளிகைக்கடைக்காரரை வைத்துப் பாருங்கள்.

"சாமி, கடையில எடை கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுது."

"ஆயிடுதாய்யா, இல்ல நீங்க பண்றீங்களா?"

"பண்றேன் சாமி."

"எத்தனை நாளா? எவ்வளவு?"

"ரெண்டு வருசமா. அரிசியில கிலோவுக்கு அம்பது கிராம்."

"தராசை இன்னைக்கு ராத்திரியே சரி பண்ணிடுவீங்களா?"

"பண்ணிடறேன்."

"சரி. இதுவரைக்கும் எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணுமே. அதுக்கு வழி பார்ப்போம்."

இந்த உரையாடலுக்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது. ஆனால் 'வழி பார்ப்போம்' என்ற பிறகு நடக்க வேண்டியதற்கு நேரம் வேண்டும்; தவக்கால வரிசையின் 108 விநாடியில் அது அகப்படாது. இதனால்தான் பல குருக்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறோம். கேட்காமல் விடுவது பெரிய இழப்பு. பிறருக்கு இழைத்த அநீதியை, திருடியதைத் திருப்பிக் கொடுத்தும், கெடுத்த பெயரைச் சீர்ப்படுத்தியும், காயத்துக்கு நட்டஈடு தந்தும் இயன்ற அளவு சரிசெய்தே ஆக வேண்டும் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி, 1459ஆம் எண்ணில். மன்னிப்பு பாவத்தைப் போக்கும். பாவம் உண்டாக்கிய சேதம் அப்படியே இருக்கும்.

கடைக்காரரின் கணக்கைப் போட்டுவிடுவோம். நாளுக்கு 20 கிலோ அரிசி விற்கிறார், கிலோ 60 ரூபாய். கிலோவுக்கு 50 கிராம் என்றால் நாளுக்கு ஒரு கிலோ, 60 ரூபாய். வருடத்துக்கு 300 நாள், இரண்டு வருடம்: 36,000 ரூபாய். நீதியாகத் திருப்பித் தர வேண்டிய தொகை இது. எண்ணிக்கை நூல் 5ஆம் அதிகாரம் குற்றத்தை அறிக்கையிட்டு, முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது; அப்படிக் கொடுத்தால் 43,200. எரிகோவின் வரிதண்டுவோர் தலைவரான சக்கேயு, ஏமாற்றியதற்கு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார்; அது 1,44,000. சட்டம் கேட்டதற்கும் மேலே போன அன்பு அது. எல்லோர்மேலும் சுமத்தத் தக்க கடமை அல்ல. 36,000 ரூபாய் எல்லோருக்கும் கடமை.

யாருக்குக் கொடுப்பது? முதல் உரிமை இழந்தவருக்கு. அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு. இன்னார் என்று கண்டுபிடிக்கவே முடியாதபோதுதான் ஏழைகளுக்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆளைத் தெரிந்திருந்தும் 'கோவில் உண்டியல்ல போட்டுட்டேன்' என்பது ஈடு ஆகாது. அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்வது அது. நம் கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் தெரிந்தவர்கள். அதே ஆட்களுக்கு அடுத்த இரண்டு வருடம் கிலோவுக்கு 50 கிராம் கூடுதலாக நிறுத்துக் கொடுத்தால் கணக்கு பெரும்பாலும் நேராகிவிடும். ஊரை விட்டுப் போனவர்களின் பங்கு ஏழைக்குப் போகட்டும். பேர் சொல்லிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உறையில் போட்டு அனுப்பலாம், குரு வழியாகவும் சேர்க்கலாம். கையில் மொத்தமாக இல்லை என்றால் தவணையாகக் கொடுக்கலாம். உண்மையிலேயே வழியில்லாதபோது கடமை தள்ளிப்போகும், அழிந்துபோகாது. மறுபடி கையில் பணம் புரளும்போது அது மறுபடி எழுந்து நிற்கும்.

நம் ஊரில் அடிக்கடி வருகிற மற்ற கணக்குகளுக்கும் இதே முறைதான். சீட்டு பிடித்து இடையில் கைவைத்த பணம். அக்கா தங்கையின் பங்கைக் கையெழுத்து வாங்கித் தன் பேருக்கு மாற்றிய நிலம். வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு 'லீவு போட்டியே' என்று பிடித்துக்கொண்ட கூலி. கூலியை நிறுத்திவைப்பது ஆண்டவரின் காதுக்கு எட்டுகிற கூக்குரல் என்று யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரம் சொல்வதைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி.

பெயரைக் கெடுத்த பாவம் இதைவிடக் கடினம், ஏனென்றால் அதற்குத் தராசு இல்லை. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொன்னது பொய் என்றால் அது அவதூறு. யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய் 'நான் சொன்னது பொய்' என்று சொல்ல வேண்டும். பெண் கேட்டு வந்த வீட்டாரிடம் ஒரு பெண்ணைப் பற்றி இல்லாததைச் சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்தவர் அந்த வீட்டுப் படியேறித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் அதே குழுவில் மறுப்பைப் போட வேண்டும். பதிவை அழிப்பது மட்டும் போதாது, படித்தவர்கள் மனதில் அது அழிவதில்லை. சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லியிருக்கக் கூடாத ரகசியம் என்றால் அது புறங்கூறல். அப்போது 'பொய் சொன்னேன்' என்று மறுப்பது இன்னொரு பொய்யாகிவிடும். 'அதை நான் பேசியிருக்கக் கூடாது, நீங்களும் பரப்பாதீங்க' என்று கேட்டுக்கொண்டு, அந்த நபரைப் பற்றிய நல்லதை அதே இடத்தில் எடுத்துச் சொல்வதுதான் வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போய் நிலைமையை மோசமாக்குகிறவர்கள் உண்டு.

நேரில் போய் மன்னிப்புக் கேட்பதிலும் தவறுகிற இடங்கள் உண்டு. 'மன்னிச்சிருங்க, ஆனா நீங்களும்...' என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. 'உங்க மனசு புண்பட்டிருந்தா' என்பதும் அப்படித்தான். புண்பட்டிருக்கிறது என்று தெரிந்துதானே போகிறோம்? நான் செய்தது இது, அதனால் உங்களுக்கு நேர்ந்தது இது, தப்பு என்னுடையது, இன்ன தேதிக்குள் இதைத் திருப்பித் தருகிறேன் என்று நான்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். 'மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க' என்று வற்புறுத்தக் கூடாது. அவர் கதவைச் சாத்தினாலும் நம் கடமை நிறைவேறியதுதான்; பணம் தர வேண்டியிருந்தால் அது மட்டும் தொடரும். இன்னொன்று: மனதுக்குள் மட்டும் இருந்த பொறாமையையும் வெறுப்பையும் அந்த ஆளிடமே போய் அவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாத காயத்தை நாமே உண்டாக்கிவிட்டுப் பாரத்தை இறக்கிவைத்ததாக நினைத்துக்கொள்வோம். அது பாவசங்கீர்த்தனத் தொட்டியோடு நிற்கட்டும்.

அபராதம் பற்றி எங்கள் மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பாவத்துக்கும் 'மூன்று அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்கிற வழக்கம் செபத்தையும் மலிவாக்குகிறது, பாவத்தையும் மலிவாக்குகிறது. அபராதம் பாவத்தின் வகைக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்றதாக, செய்பவரின் நிலையையும் கருத்தில் கொண்டதாக இருக்க வேண்டும் என்கிறது 981ஆம் பிரிவு. மனைவியைப் பட்டினி போட்டுக் குடித்தவருக்கு, ஒரு மாதத்துக்குச் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுப்பது பொருத்தமான அபராதம். அம்மாவிடம் ஆறு மாதமாகப் பேசாத மகனுக்கு, இந்த ஞாயிறு அவர் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு. அத்துடன் செபமும் இருக்கட்டும். குரு அப்படித் தராவிட்டால் நீங்களே கேட்கலாம்: 'சாமி, இதுக்கு ஏத்த மாதிரி ஒரு அபராதம் குடுங்க.' கொடுத்த அபராதம் உங்களால் முடியாதது என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், மாற்றித் தருவார். வெளியே வந்து செய்யாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

தயாரிப்புக்குக் கிடைக்கும் ஆன்ம சோதனைத் தாள்கள் பத்துக் கட்டளைகளின் வரிசையில் இருக்கும். அந்த வரிசை நல்லது. ஆனால் பாவமன்னிப்பு வழிபாட்டில் நாம் சொல்கிற 'கடமையில் தவறியதாலும்' என்ற சொல்லுக்கு அந்தத் தாள்களில் உரிய இடம் இருக்கிறதா பாருங்கள்: செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டது எத்தனை? சாதியைப் பற்றி ஒரு கேள்வியாவது இல்லாத தாள் தமிழ்நாட்டுக்குப் போதாது. கிறிஸ்தவர்களுக்குள்ளும் சாதிப் பாகுபாடு நடக்கிறது என்று இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒத்துக்கொண்டிருக்கிறது. பொதுத்தாள் சொல்லாவிட்டாலும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: யாரை வீட்டுக்குள் உட்கார வைக்காமல் திண்ணையோடு அனுப்பினேன்? யாருடைய தெருவுக்குள் தேர் போகாதபடி வழியை மாற்ற ஒத்துக்கொண்டேன்?

செல்போன் செயலிகளும் உண்டு. 2011இல் அமெரிக்காவில் ஐபோனுக்காக ஒரு பாவசங்கீர்த்தனச் செயலி வந்தது. ஃபோர்ட் வேன் - சவுத் பெண்ட் மறைமாவட்ட ஆயர் அதற்கு அச்சிடும் அனுமதி (திருச்சபைப் போதனைக்கு முரணில்லை என்ற ஒப்புதல்) கொடுத்தார். வயது, பால், வாழ்க்கை நிலை ஆகியவற்றுக்கு ஏற்பக் கேள்விகள் மாறும், கடவுச்சொல் பூட்டும் உண்டு. செயலி குருவுக்கு மாற்று அல்ல என்று வத்திக்கான் பேச்சாளர் உடனே விளக்கம் தந்தார். தயாரிப்புக் கருவியாக இப்படிப்பட்டவை பயன்படும். ஆனால் கட்டத்தில் டிக் போடுவது 'நான் செய்தேன்' என்று எழுதுவதற்கு ஈடாகாது. எங்கள் ஆலோசனை சாதாரணத் துண்டுக் காகிதம். முடிந்ததும் கிழித்து எரித்துவிடுங்கள். போனில் எழுதினால், குடும்பத்தில் மற்றவர் போனிலும் அதே குறிப்பு தெரிகிற ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரகசியக் காப்பில் இந்தச் சேவைக்கு நிகர் இல்லை. ரகசியத்தை நேரடியாக உடைக்கிற குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாக்கப்படுகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் திருத்தூதுப் பீடத்துக்கு, அதாவது ரோமுக்கு மட்டுமே உண்டு. 2021இல் திருத்தப்பட்ட 1386ஆம் பிரிவு, பாவசங்கீர்த்தனத்தைக் கருவியால் பதிவு செய்பவர்களையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது. சட்டைப்பையில் போனோடு போகிறவர்கள் அதை அணைத்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பிள்ளை அதைத் தன் பாவமாக நினைத்து அங்கே சொன்னால், 'இது உன் பாவம் இல்லைம்மா' என்று முதலில் சொல்லி, வெளியே வந்து நம்பகமான பெரியவரிடமும் 1098 எண்ணிலும் பேச வைப்பது குருவின் பொறுப்பு. குற்றம் செய்தவருக்குத் தொட்டி ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடக் கூடாது. சட்டத்துக்குப் பதில் சொல்லும் கடமை மன்னிப்புக்குப் பிறகும் அவர்மேல் இருக்கிறது.

பொறுப்பேற்பது எப்படி இருக்கும் என்பதற்கு மேலிடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. சிலி நாட்டில், பாலியல் கொடுமையை மறைத்தார் என்று ஓர் ஆயர்மேல் வந்த புகாரை 2018 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவதூறு என்று தள்ளினார். பிறகு விசாரணைக்கு ஆள் அனுப்பினார். 64 பேரின் சாட்சியங்களோடு 2,300 பக்க அறிக்கை வந்தது. ஏப்ரல் 8ஆம் தேதியிட்ட கடிதத்தில், நிலைமையை மதிப்பிட்டதில் கடுமையாகத் தவறிவிட்டதாகத் தன் பெயரிலேயே எழுதி, தான் புண்படுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட மூவரை ரோமுக்கு அழைத்துத் தன் இல்லத்தில் தங்கவைத்து நாள்கணக்கில் பேசினார். தவற்றைப் பெயர் சொல்லிச் சொன்னது, உரியவரிடமே கேட்டது, நேரம் கொடுத்தது ஆகிய மூன்றும் அதில் இருந்தன. சிலித் திருச்சபையின் காயம் அதோடு ஆறிவிடவில்லை என்பதும் உண்மை.

மற்றச் சபைகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஎஸ்ஐ ஆலயங்களில் நற்கருணைக்கு முன் பொதுப் பாவ அறிக்கை உண்டு; அதற்கு முன்னே ஒரு நிமிட மௌனம் கிடைத்தால் ஒரு பாவத்தையாவது 'ஏன்' விகுதியோடு மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். லூத்தரன் சபையாருக்குத் தனிப் பாவ அறிக்கை அந்நியமானதல்ல. அவர்களுடைய விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 11ஆம் பிரிவில், அதைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது. லூத்தரின் சிறிய ஞானோபதேசம், நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானா, வேலைக்காரனா என்று அவரவர் நிலையை வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. இந்தக் கேள்விமுறை கத்தோலிக்கருக்கும் மிக நன்றாக உதவும்.

கடைசியாக, ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் மனம் ஆறாதவர்கள். சரியாகச் சொன்னேனா, எதையாவது விட்டேனா என்று வாரத்துக்கு மூன்று முறை வரிசையில் நிற்பவர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகளும் கேள்விகளும் பொருந்தாது. நீளமான ஆன்ம சோதனைத் தாள் இவர்களுக்குக் கெடுதலே செய்யும். ஒரே ஒரு குருவைத் தேர்ந்துகொண்டு, அவர் 'இதை இனிச் சொல்ல வேண்டாம்' என்றால் அதைக் கீழ்ப்படிதலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆன்ம சோதனைக்கு ஐந்து நிமிடம், பாவசங்கீர்த்தனம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று அவரே எல்லை வகுத்துத் தருவார். நினைவுக்கு வராமல் விடுபட்ட பாவமும் மன்னிக்கப்பட்டதுதான். பிறகு நினைவு வந்து, அது சாவான பாவமாக இருந்தால் மட்டும் அடுத்த முறை சொன்னால் போதும். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். கைகழுவிக்கொண்டே இருப்பவருக்கு வருகிற அதே நோய் இதிலும் வரலாம்; அதற்கு மருந்து உண்டு.